உங்கள் பாட்டியின் அம்மா பெயர் என்ன?

மேற்கொண்டு படிக்கும் முன்பு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் யோசியுங்கள்.

உங்கள் அப்பாவின் அப்பா பெயர் என்ன? டக்கென்று வந்துவிடும். பல வீடுகளில் பேரப்பிள்ளைக்கே அந்தப் பெயரைத்தான் சூட்டியிருப்பார்கள். தாத்தாவின் பெயரைத் தாங்கி வருபவன் என்பதால்தானே அவனுக்குப் ‘பேரன்’ என்றே பெயர்! சரி, தாத்தாவின் அப்பா? கொஞ்சம் யோசித்தால் அதுவும் கிடைத்துவிடும். இப்போது சொல்லுங்கள்... உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டியை, பெற்றவள் யார்? அவள் பெயர் என்ன? எந்த ஊரில் பிறந்து, எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள்?

தயங்குகிறீர்கள் அல்லவா? வருந்த வேண்டாம். இந்தக் கேள்வி முதலில் என்னிடம்தான் வந்தது. நானும் தயங்கித்தான் நின்றேன். குலதெய்வத்தைத் தேடிப் போன ஒரு பயணத்தில்தான் இதன் அருமை எனக்குப் புரிந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

சீதா கல்யாணத்தில் நடந்தது என்ன?

வம்சம் சொல்வது நமக்குப் புதிதல்ல. வால்மீகி ராமாயணத்தின் பால காண்டத்தைப் பாருங்கள். ராமன் வில்லை முறித்துவிட்டான். தசரதரும் மிதிலைக்கு வந்து சேர்ந்துவிட்டார். உடனே தாலி கட்டிவிட்டார்களா என்றால், இல்லை. ஜனகரின் சபையில் குலகுரு வசிஷ்டர் எழுந்து, மாப்பிள்ளை வீட்டின் வம்ச வரிசையை ஆதியில் இருந்து சொல்கிறார். அதன்பின் ஜனகர் தம் குலத்தின் வரிசையைத் தாமே சொல்கிறார். இரண்டு குலங்களும் ஒன்றை ஒன்று அறிந்த பிறகுதான் கல்யாணப் பேச்சு முடிவாகிறது.

இன்றும் வைதிக முறையில் நடக்கும் திருமணங்களில், கன்னிகாதானத்தின்போது மணமகனின் கொள்ளுத்தாத்தா, தாத்தா, தந்தை என்று மூன்று தலைமுறையைச் சொல்கிறார்கள், மணமகளுக்கும் அப்படியே. மேளச் சத்தத்தில் நம் காதில் அது விழுவதில்லை, அவ்வளவுதான்!

திருவள்ளுவரும் இல்வாழ்க்கை அதிகாரத்தில், இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரை வரிசைப்படுத்தும்போது முதலிடத்தை யாருக்குக் கொடுக்கிறார் தெரியுமா? முன்னோருக்கு! தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன.

பன்னிரண்டு பெயர்கள்

அடுத்த அமாவாசை அன்று, உங்கள் வீட்டில் தர்ப்பணம் செய்யும்போது சமையலறையில் இருந்தபடியே சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். வீட்டுக்கு வீடு சம்பிரதாயம் மாறும். என்றாலும் பொதுவான முறை இதுதான்.

முதலில் தந்தை, தாத்தா, கொள்ளுத்தாத்தா. இவர்களை முறையே வசு, ருத்ர, ஆதித்ய சொரூபமாகப் பாவித்து எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள். அடுத்து தாய், தந்தையின் தாய், தாத்தாவின் தாய். பிறகு அம்மா பிறந்த வீடு. அம்மாவின் அப்பா, அவருடைய தந்தை, தாத்தா. அதன்பின் அம்மாவின் அம்மா, அவருடைய மாமியார், அந்த மாமியாரின் மாமியார். ஆக மொத்தம் பன்னிரண்டு பெயர்கள். எண்ணிப் பாருங்கள், இதில் சரிபாதி பெண்கள்!

சாஸ்திரம் பெண்ணை மறக்கவில்லை. நாம்தான் மறந்துவிடுகிறோம். ‘தாத்தாவின் அம்மா பெயர் என்ன?’ என்று வாத்தியார் கேட்கும்போது, எத்தனை வீடுகளில் கணவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்! தர்ப்பணம் செய்யும் கை அவருடையதாக இருக்கலாம். ஆனால், பெயர்களைக் காப்பாற்றி வைப்பது நம் பொறுப்பாகத்தானே எப்போதும் இருந்து வருகிறது?

இந்தப் பன்னிரண்டில் ஒருத்தி மட்டும் இல்லை. அவள் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த சாஸ்தா?

என் புகுந்த வீட்டுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. பூஜை அறையில் பழைய சாஸ்தா படம் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை அடித்தாலும், மளிகைச் சீட்டு எழுதினாலும் முதல் வரி ‘சாஸ்தா துணை’தான். ஆனால், எந்த ஊர் சாஸ்தா?

அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். தாமிரபரணிக் கரையிலும், வாய்க்கால் ஓரங்களிலும், குளத்தங்கரைகளிலும் எத்தனையோ சாஸ்தா கோயில்கள்! ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒன்றுதான் சொந்தம். பங்குனி உத்திரம் வந்துவிட்டால், எந்த ஊரில் வேலை பார்த்தாலும் கிளம்பி வந்து, தங்கள் சாஸ்தாவின் முன்னால் பொங்கல் வைப்பார்கள்.

என் கணவரின் தாத்தா வேலைக்காகச் சென்னைக்கு வந்தவர். வயல் பங்கில் பங்காளிகளோடு மனஸ்தாபம். ‘இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்’ என்றவர், சொன்னபடியே இருந்துவிட்டார். பங்காளிகள் மீதிருந்த கோபத்தில் சாமியையும் விட்டுவிட்டோமே என்று என் மாமனாருக்குக் கடைசிவரை குறை இருந்தது. சிறு பிள்ளையாக இருக்கும்போது ஒரே ஒருமுறை போன ஞாபகம் மட்டும் அவருக்கு உண்டு. ஊர் பெயர் நினைவில் இல்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் மகனுக்கு முதல் மொட்டையைத் திருச்செந்தூரில்தான் போட்டோம். முருகன் சந்நிதியில் குறை என்று எதுவும் இல்லைதான். ஆனாலும், குழந்தையின் தலையில் சந்தனம் பூசும்போது என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ‘‘முதல் முடி குலசாமிக்குப் போக வேண்டியது. எங்க தலைமுறையோட அது அத்துப்போச்சே...’’ என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பியது.

பரணில் கிடைத்த பதில்

விசாரித்ததில் கணவரின் தாத்தாவுக்கு ஒரு தங்கை இருப்பது தெரிந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். தொண்ணூறு வயதைத் தாண்டியவர். மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனோம்.

ஆச்சி கயிற்றுக் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. என் கணவரைத் தன் அண்ணன் என்று நினைத்து, ‘‘இப்பம்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?’’ என்று கோபித்துக்கொண்டார். சாஸ்தா கோயில் எது என்று கேட்டால், ‘‘வண்டி கட்டிப் போவோம்லா... வாய்க்கா ஓரத்துல, மருத மரம் நிக்கும்லா’’ என்கிறார். தாமிரபரணிப் பாசனத்தில் வாய்க்காலும் மருத மரமும் இல்லாத ஊர் ஏது?

புறப்படத் தயாரானபோது மாமியார், ‘‘எதுல ஆச்சி பொங்கல் வைப்பீங்க?’’ என்று சும்மா கேட்டுவைத்தார். ஆச்சியின் முகம் தெளிந்தது. ‘‘எங்கம்மை கொண்டாந்த வெங்கலப் பானைலதான். அதை மச்சுல போட்டு வச்சிருக்காளே இவ... எடுத்துப் பாரு தாயி’’ என்றார்.

பரணில் ஏறி, சாக்குக்குள் கிடந்த பானையை இறக்கினோம். புளி போட்டுத் தேய்த்தேன். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து. அந்தக் காலத்தில் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டல்லவா? ஒரு பெண்ணின் பெயர். அதற்கு முன்னால் ஓர் ஊரின் பெயர். நெல்லையப்பர் கோயில் அம்பாளின் பெயர்தான் அவருக்கும். என் கணவரின் கொள்ளுப்பாட்டி! பத்திரத்தில் இல்லை, பட்டாவில் இல்லை, எங்கள் வீட்டுத் தர்ப்பணத்தில்கூட அதுவரை பெயரில்லாமல் இருந்தவர். தன் பெயரையும் தான் பிறந்த ஊரையும் பானையில் சுமந்தபடி பரணில் காத்துக்கொண்டிருந்தார்.

‘அது அவர் பிறந்த ஊர்தானே? புகுந்த வீட்டுக் குலதெய்வத்துக்கு அது எப்படி வழி காட்டும்?’ என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆச்சியின் மகள்தான் பளிச்சென்று சொன்னார். ‘‘மொட்டை அடிச்சுக் காது குத்துறது தாய்மாமன் மடியிலதானே? அந்த ஊரு மாமன் வீட்டு ஆளுங்க, சீர் எடுத்துக்கிட்டு உங்க சாஸ்தா கோயிலுக்கு வராம இருந்திருப்பாங்களா?’’

எவ்வளவு பெரிய உண்மை! ஒரு குடும்பத்தின் குலதெய்வம் இருக்கும் இடம் அந்தக் குடும்பத்துக்கு மறந்துபோனாலும், அதற்குப் பெண் கொடுத்த வீட்டுக்கு நினைவிருக்கும். மறுநாள் காலை அந்த ஊருக்குப் போனோம். ‘‘எங்க வீட்டுப் பெண்ணைக் கொடுத்த இடம்தானே? எங்க தாத்தா மடியிலதானே உங்க வீட்டுப் பிள்ளைக்கு முடி இறக்குனாங்க!’’ என்று சொன்ன ஒரு பெரியவர், தானே எங்களோடு காரில் ஏறிக்கொண்டார். அரை மணி நேரப் பயணம். வாய்க்கால் வந்தது. மருத மரம் வந்தது. அதன் அடியில் சாஸ்தா அமர்ந்திருந்தார்.

கோயில் நிர்வாகம் பார்ப்பவர் பழைய வரி நோட்டைப் புரட்டிக் காட்டினார். கொடைக்கும் திருப்பணிக்கும் தலைக்கட்டு வரி கொடுத்தவர்களின் பட்டியலில், தாத்தாவின் பெயர் இருந்தது. பேனாவால் அடிக்கப்படவில்லை. ‘‘வராம இருந்தா பேரை எடுத்துருவோமா? சாமி எடுக்கலையே!’’ என்றார் அவர். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு அதே வெண்கலப் பானையில் பொங்கல் வைத்தோம். ஆனால், பார்க்க ஆச்சி இல்லை. தை மாதமே சிவபதம் அடைந்துவிட்டார். மூன்று மாதம் தாமதித்துப் போயிருந்தால்..? நினைத்தால் இப்போதும் உடல் சிலிர்க்கிறது.

நீங்களும் தேடலாம்!

குலதெய்வம் தெரியாமல் தவிக்கும் வாசகியருக்காக, இந்தத் தேடலில் நான் கற்றுக்கொண்டவை இவை:

* முதலில் வீட்டிலும் உறவிலும் வயதில் மூத்தவரிடம் போங்கள். ‘குலதெய்வம் எது?’ என்று நேராகக் கேட்டால் பதில் வராமல் போகலாம். ‘எப்படிப் போவீர்கள், என்ன சமைப்பீர்கள், யார் யார் வருவார்கள்?’ என்று கேளுங்கள். நினைவு தானே திறந்துகொள்ளும்.

* பரணில் உள்ள பழைய அண்டா, குடம், செம்பு, குத்துவிளக்கு எதையும் பெயர் பார்க்காமல் பழைய பாத்திரக் கடையில் போட்டுவிடாதீர்கள்.

* பழைய சொத்துப் பத்திரம், ஜாதகக் கட்டு, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு ஆகியவற்றைப் புரட்டுங்கள். பத்திரத்தில் இன்னாரின் குமாரர் இன்னார் என்று தலைமுறை கிடைக்கும். மொய் நோட்டில் உறவினரின் ஊர்கள் கிடைக்கும்.

* குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் கவனியுங்கள். சுடலை, இசக்கி, பேச்சி, அய்யனார், மாடசாமி, அங்காளம்மாள் என்பனவெல்லாம் சும்மா வைத்த பெயர்களாக இருக்காது. குலசாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நம் வழக்கம்.

* பெண் கொடுத்த, பெண் எடுத்த வீடுகளை மறக்காதீர்கள். தாய்மாமன் வழியில் விசாரியுங்கள்.

* ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் ஆதிக் கோயிலில் இருந்து பிடிமண் எடுத்து வந்து, புதிய ஊரில் கோயில் அமைத்திருப்பார்கள். ‘பிடிமண் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால், அதற்கு முந்தைய ஊர் தெரிந்துவிடும்.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையா? கலங்க வேண்டாம். பாபநாசத்துக்கு மேலே, காரையார் வனத்தில் தாமிரபரணிக் கரையில் அருளும் சொரிமுத்து ஐயனாரைத் தென்மாவட்ட மக்கள் சாஸ்தாக்களுக்கெல்லாம் ஆதியாகப் போற்றுகிறார்கள். குலதெய்வம் தெரியாதவர்களும் அவரையே குலதெய்வமாக எண்ணி வழிபடுகிறார்கள். ஆடி அமாவாசை அங்கே பெருவிழா. கோயில் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், வனத்துறையின் நேரக் கட்டுப்பாட்டை விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். கோத்திரம் தெரியாதவர்கள் கோயில் சங்கல்பத்தில் ‘சிவ கோத்திரம்’ என்று சொல்கிறோமே, அதைப் போலத்தான் இதுவும். தெரியாதவர்களைத் தெய்வம் வெளியே நிறுத்துவதில்லை.

இன்னொன்று... ‘குலதெய்வ சாபம்; அதனால்தான் இத்தனை கஷ்டம். பரிகாரத்துக்கு இவ்வளவு பணம் கட்டு’ என்று யாராவது பயமுறுத்தினால், தயவுசெய்து ஏமாந்துவிடாதீர்கள். பெற்ற தாய், வழி மறந்து தாமதமாக வந்த பிள்ளையைச் சபிப்பாளா?

கடல் கடந்தும்...

1860-ல் சென்னையில் இருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குச் சென்றது. 1911 வரை அந்த நாட்டின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவில் இருந்து சென்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் தமிழர்கள் ஏராளம். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, கிராமம் என்று குறித்து வைத்தார்கள். அதில் பெண்களின் பெயர்களும் உண்டு. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கணக்கு வைக்க எழுதிய அந்தப் பதிவேடுதான் இன்று அவர்களின் வாரிசுகள் பூர்வீகம் தேட உதவுகிறது. மொரீஷியஸ் நாட்டிலும் மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், இப்படிப்பட்ட குடியேற்றப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன.

அவர்களுக்கு நடுவே கடல் இருந்தது. பல தலைமுறை இடைவெளி இருந்தது. நமக்கோ ஓர் இரவு ரயில் பயணம். இதற்கே நாம் சோம்பல்படலாமா?

பெயர் தெரியாதவளுக்கு...

இப்போது, அந்தப் பன்னிரண்டில் இல்லாதவளைப் பற்றிச் சொல்கிறேன். மேலே உள்ள வரிசையை மறுபடி பாருங்கள். அம்மாவின் அம்மா இருக்கிறாள். அவளுடைய மாமியார் இருக்கிறாள். ஆனால், அவளைப் பெற்ற தாய்? அந்த வரிசையில் அவள் வருவதில்லை. ஒரு வகையில் பார்த்தால் நியாயம்தான். அவள் வேறு வம்சத்தில் சேர்ந்தவள், அவளுக்கு எள்ளும் தண்ணீரும் விட அந்த வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால், நமக்கு அவள் யாரோவா? அவள் வயிற்றில் பிறந்தவள் வயிற்றில் பிறந்தவள் வயிற்றில்தானே நாம் பிறந்தோம்?

ஊர் திரும்பியதும் என் அம்மாவிடம் போனேன். ‘‘உன் ஆச்சியைப் பெத்தவங்க பேரு என்னம்மா?’’ என்றேன். அம்மா வெகுநேரம் யோசித்தார். ‘‘பூட்டின்னுதான் சொல்லுவோம். பேரு சொல்லி யாரு கூப்பிட்டா? எங்க ஆச்சி இருந்தப்ப கேட்டிருக்கலாம்...’’ என்றார். அம்மாவின் ஆச்சி போய் முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அந்தப் பெயரைச் சொல்ல இப்போது யாரும் இல்லை. எங்கள் வீட்டுப் பரணிலும் அவர் பெயர் வெட்டிய பாத்திரம் எதுவும் இல்லை. தேடிவிட்டேன்.

கயா க்ஷேத்திரத்தில் ‘மாத்ரு ஷோடசி’ என்று ஒரு வழக்கம் உண்டு. பெற்ற தாய் கருவில் சுமந்தபோதும் வளர்த்தபோதும் பட்ட ஒவ்வொரு துன்பத்தையும் சொல்லி, அவளுக்காக மட்டும் பதினாறு பிண்டங்கள் வைப்பார்கள். கேட்பவர் கண் கலங்காமல் இருக்க முடியாது. அதே கயாவில், உறவென்று யாரும் இல்லாதவர்களுக்காகவும் பிண்டம் இடுவது உண்டு. தர்ப்பணத்தின் நிறைவிலும், அறிந்தவர், அறியாதவர் என எல்லா முன்னோருக்குமாகச் சேர்த்து நீர் விடுகிறார்கள். அந்த நீரில் என் பூட்டிக்கும் பங்கு உண்டு என்று நம்பி ஆறுதல் அடைகிறேன்.

கயாவுக்குப் போக இயலாதவர்கள் நம் திலதர்ப்பணபுரிக்குச் செல்லலாம். திலம் என்றால் எள். இன்று செதலபதி என்று அழைக்கப்படும் இந்த ஊர், மயிலாடுதுறை - திருவாரூர் சாலையில் உள்ள பூந்தோட்டத்துக்கு அருகில் இருக்கிறது. மூலவர் முக்தீஸ்வரர். ராமபிரான் தசரதருக்காகவும் ஜடாயுவுக்காகவும் எள் தர்ப்பணம் செய்தது இங்கேதான் என்கிறது தல வரலாறு. அவர் வைத்த பிண்டங்கள் லிங்கங்களாக மாறினவாம். யானை முகம் இல்லாமல் மனித முகத்தோடு அருளும் ஆதி விநாயகரையும் இங்கே தரிசிக்கலாம். கவனித்தீர்களா? ஜடாயு ராமனின் வம்சமே அல்ல, ஒரு பறவை! அன்பு வைத்தவருக்கெல்லாம் கடன் செலுத்தலாம் என்று ராமனே காட்டிவிட்டான்.

எனவே சகோதரிகளே, இந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு ஒரு நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடுத்து உங்கள் பெயர், பிறந்த ஊர். அதன் மேல் உங்கள் அம்மா பெயர், அவர் பிறந்த ஊர். அதற்கும் மேல் பாட்டி. தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, தெரிந்தவர் யாராவது இருந்தால் அன்றே போன் செய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

என் நோட்டில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அமாவாசைதோறும் காக்கைக்குச் சோறு வைக்கும்போது, ‘பூட்டி’ என்று மட்டும் சொல்லிக் கூப்பிடுகிறேன். உங்கள் பேத்தியின் மகளுக்கு அந்த நிலை வர வேண்டாம். உங்கள் பெயரையாவது இன்றே எழுதி வையுங்கள்.

குலம் காக்கும் தெய்வம் உங்கள் வீட்டு வழியை அறியும். நீங்களும் அதன் வழியை அறிந்து சென்று தரிசித்து வாருங்கள். சர்வ மங்களமும் உண்டாகட்டும்!